நாற்பது பவுண்டு வில்லுக்கு எந்த பிராட்ஹெட்?

மிச்சிகனில் வசிக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இழுக்க 60 பவுண்டு விசை தேவைப்பட்ட, கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லைக் கைவிட்டு, கப்பி இல்லாத, நுனிகள் முன்னோக்கி வளைந்த 45 பவுண்டு ரீகர்வ் வில்லுக்கு மாறியிருக்கிறார். அவருடைய இழுநீளம், அதாவது அவர் நாணை இழுக்கும் நீளம், 26 அங்குலம். வரும் அக்டோபரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போக விரும்புகிறார். பழைய வில்லுக்காக வாங்கிய மெக்கானிக்கல் பிராட்ஹெட்கள், அதாவது மானின் உடலில் பட்டதும் இரண்டு அங்குல அகலத்துக்கு விரியும் அம்புமுனைகள், ஒரு பாக்கெட் மிச்சம் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாமா, இல்லையென்றால் எதை வாங்குவது என்று கேட்கிறார்.

பயன்படுத்த வேண்டாம். ஒரே துண்டாகவோ உறுதியாகப் பற்றவைத்தோ செய்த, நீண்டு ஒடுங்கிய, இரண்டு பிளேடு கொண்ட நிலையான (விரியாத) பிராட்ஹெட் வாங்குங்கள். எடை 125 முதல் 175 கிரெய்ன் வரை (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன்), அகலம் ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். இவ்வளவுதான் என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் கடைக்குப் போனால், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து மனம் மாறிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வில்லின் உண்மையான வலிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். ரீகர்வ் வில்லில் எழுதியிருக்கும் 45 பவுண்டு என்பது 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் கணக்கு. ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை பவுண்டு குறைகிறது. 26 அங்குலம் இழுக்கும் உங்கள் கையில் இருப்பது 40 பவுண்டு வில்தான். கடையில் தொங்கும் வில் தராசில் மாட்டி ஒரு முறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். சில மாநிலங்களில் இது சட்டப் பிரச்சினையும்கூட. கொலராடோவில் பெரிய விலங்குகளை வேட்டையாட வில்லுக்கு 35 பவுண்டு குறைந்தபட்ச வலிமை இருக்க வேண்டும். பிராட்ஹெட் குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். மிச்சிகனிலும் மானுக்கு அகலத்தில் அதே 7/8 அங்குல விதிதான். (இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே மான் வேட்டை குற்றம். நான் சொல்வதெல்லாம் உரிமம் பெற்று வேட்டையாடும் அமெரிக்க மாநிலங்களுக்கு மட்டுமே.)

இப்போது கணக்கு. அம்பின் எடையை கிரெய்னிலும் வேகத்தை வினாடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கி 450,240ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். உங்கள் பழைய காம்பவுண்ட் வில் 400 கிரெய்ன் அம்பை வினாடிக்கு 265 அடி வேகத்தில் அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் சுமார் 62 அடி-பவுண்டு. இதே அம்பை 40 பவுண்டு ரீகர்வ் 160 அடி வேகத்தில் அனுப்பினால் 23 அடி-பவுண்டுக்கும் கீழே. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று கூடுதல், அவ்வளவுதான். அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் பிரபலமான பட்டியல் மானுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு வரை பரிந்துரைக்கிறது. அந்தக் கோட்டுக்கும் நீங்கள் கீழே நிற்கிறீர்கள்.

பயந்துவிட வேண்டாம். அந்தப் பட்டியலில் அம்பின் முனை என்ன, அது எவ்வளவு கூராக இருக்கிறது, அம்பு நேராகப் பறக்கிறதா என்பதற்கெல்லாம் இடமே இல்லை. 40 பவுண்டு ரீகர்வால் மான்கள் சுத்தமாக வீழ்த்தப்படுகின்றன. பட்டியல் அச்சாவதற்கு முன்பும் வீழ்த்தப்பட்டன. ஆனால் அந்த எண்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: வீணாக்குவதற்கு உங்களிடம் ஆற்றல் இல்லை. 60 பவுண்டு காம்பவுண்ட் வைத்திருப்பவர் மழுங்கிய முனையோடும் ஆடிக்கொண்டு பறக்கும் அம்போடும் தப்பித்துக்கொள்ள முடியும். உங்களால் முடியாது.

துப்பாக்கிக் குண்டு திசுக்களை அதிர்ச்சியால் சிதைக்கிறது. அம்பு கொல்லும் விதம் வேறு. அது ரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுத்து, ரத்தப்போக்கினாலும் நுரையீரல் சுருங்குவதாலும் கொல்கிறது. இரண்டு நுரையீரல்களும் அறுபட்ட மான் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும். அதற்கு அம்பு ஒரு பக்கம் புகுந்து இரண்டு நுரையீரல்களையும் கடக்க வேண்டும். மறுபக்கம் வெளியே வந்தால் இன்னும் நல்லது. மரத்தில் கட்டிய மேடையிலிருந்து எய்யும்போது அம்பு மேலே புகுந்து கீழே வெளியேறுகிறது. அந்தக் கீழ்த் துளை இல்லாவிட்டால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். தரையில் தடம் விழாது. ஆகவே குறைந்த பவுண்டு வில்லில் நாம் தேடவேண்டியது ஊடுருவல். அகலமான வெட்டு என்பது அது கிடைத்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக்கல் முனை தோற்கிறது. பிளேடுகளை விரிப்பதற்கே அது ஆற்றலைச் செலவழிக்கிறது. விரிந்த பிறகு பிளேடுகள் செங்குத்தான கோணத்தில் நிற்பதால், ஒவ்வொரு அங்குலம் முன்னேறுவதற்கும் அதிக விசை வேண்டும். விலா எலும்பில் சாய்வாகப் பட்டால் ஒரு பிளேடு முந்தி, ஒரு பிளேடு பிந்தி, அம்பே திசைமாறலாம். குறைந்த ஆற்றலுக்கென்றே விற்கப்படும் மெக்கானிக்கல்கள் இருக்கின்றன. அவற்றை 50 பவுண்டு காம்பவுண்டுக்குக்கூட நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். 40 பவுண்டு ரீகர்வுக்குச் சொல்லவே மாட்டேன்.

நிலையான முனைகளில் இரண்டு பிளேடா மூன்று பிளேடா என்ற வாதம் பழையது. ஒரு சின்னக் கணக்கு உதவும். 1⅛ அங்குல அகலமுள்ள இரண்டு பிளேடு முனை மொத்தம் 1⅛ அங்குலம் வெட்டுகிறது. அதே விட்டமுள்ள மூன்று பிளேடு முனையில், மையத்திலிருந்து மூன்று வெட்டுகள் கிளம்புவதால் மொத்தம் ஏறத்தாழ 1.7 அங்குலம். ஐம்பது சதவீதம் கூடுதல் வெட்டு, அதற்கேற்ற கூடுதல் எதிர்ப்பு. காயம் மூன்று மடல்களாகத் திறந்து நிற்பதால் ரத்தத் தடம் நன்றாக விழும் என்பது உண்மை. 50 பவுண்டுக்கு மேல் இழுப்பவர் இதற்கு ஆசைப்படலாம். 40இல், விலா எலும்பில் பட்டாலும் கடந்துபோகும் உறுதியை இரண்டு பிளேடுதான் தருகிறது. மூன்று பிளேடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், உட்ஸ்மன் என்ற முனையைப் போல நீண்டு ஒடுங்கிய வடிவத்தைத் தேடுங்கள். குட்டையான, பிளேடு மாற்றக்கூடிய முனைகளை விட்டுவிடுங்கள்.

நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் முக்கியம். பிராட்ஹெட் என்பது ஒரு சாய்தளம். மூன்று அங்குல நீளமும் ஒரு அங்குல அகலமும் உள்ள முனை, நீளமும் அகலமும் சமமாக உள்ள முனையைவிட மூன்று மடங்கு குறைவான சரிவு கொண்டது. அந்த அளவுக்குக் குறைந்த விசையில் சதையைப் பிளந்துகொண்டு போகிறது. புகழ்பெற்ற வில்லாளர் ஹோவர்ட் ஹில் இந்த மூன்றுக்கு ஒன்று விகிதத்தைத்தான் வலியுறுத்தினார். அச்சு அசலாக அதே விகிதம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டுக்கு ஒன்றுக்குக் கீழே இறங்காதீர்கள்.

பெயர் சொல்லிக் கேட்பீர்கள். ஸ்விக்கி எஸ்கிமோ மலிவானது, பல தலைமுறைகளாக மான்களை வீழ்த்தி வருவது. அதன் நுனி தகடு மேல் தகடாக அடுக்கிச் செய்யப்பட்டது. மேக்னஸ் ஸ்டிங்கரை இரண்டு பிளேடாகவே பயன்படுத்தலாம். சேதமானால் மாற்றித் தருவதாக நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. ஒருபக்கச் சரிவு முனைகள் வேண்டுமென்றால் கிரிஸ்லி, கட்த்ரோட் போன்றவை உண்டு. பெரிய பிளேடுக்குக் குறுக்கே சிறிய பிளேடு செருகும் வகையும் நெடுங்காலமாக இருக்கிறது. உங்கள் மாநிலத்தின் கிரேலிங் ஊரில் வில் தொழிற்சாலை நடத்திய ஃபிரெட் பேர் 1956இல் வெளியிட்ட ரேசர்ஹெட் அந்த வகைதான். மெல்லிய அந்தக் குறுக்குத் தகட்டை 40 பவுண்டில் நான் கழற்றிவிடச் சொல்வேன். மானின் விலாவைக் கடக்க அது தடையாக இருக்காது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டில் நிற்கும் மானாக இருந்தால் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். மான் எப்போதும் பக்கவாட்டில் நிற்பதில்லை.

ஒருபக்கச் சரிவு பற்றி ஒரு வார்த்தை. சாதாரண முனையில் ஒவ்வொரு பிளேடின் வாயும், அதாவது வெட்டும் விளிம்பும், இரண்டு பக்கமும் சரிவாகத் தீட்டியிருக்கும். இதில் ஒவ்வொரு பிளேடிலும் ஒரு பக்கம் மட்டும் சரிவு. உள்ளே போகும்போது முனை சுழல்கிறது. எலும்பில் பட்டால் திருகிப் பிளக்கிறது. வலச் சரிவு முனைக்கு வலப்பக்கம் சுழற்றும் இறகுகளைத்தான் ஒட்ட வேண்டும். மாற்றி ஒட்டினால் காற்றில் ஒரு திசையிலும் மானுக்குள் மறு திசையிலும் சுழல முயன்று, உள்ளதையும் இழக்கும். மானுக்கு இது கட்டாயம் இல்லை. தீட்டுவது எளிது என்பதற்காகவே நான் இதை விரும்புகிறேன்.

தீட்டுவதுதான் இதில் பெரிய விஷயம். எந்த நிறுவனத்தின் முனை என்பதைவிட அதன் வாய் எப்படி இருக்கிறது என்பது ஊடுருவலை அதிகம் மாற்றும். அதற்குச் செலவும் இல்லை. பெட்டியிலிருந்து வரும் பல முனைகள் கூராக இருப்பதில்லை, பழைய பாணி முனைகள் குறிப்பாக. நல்ல அரம் ஒன்றை மேசையில் வைத்து, சரிவு முழுவதும் அரத்தில் படும்படி முனையைத் தள்ளுங்கள். படுகிறதா என்று எப்படித் தெரியும்? சரிவில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு நான்கு முறை தேயுங்கள். மை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே அரம் படவில்லை, கோணத்தைத் திருத்துங்கள். தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் ஒரு மெல்லிய பிசிறு எழும். விரல் நுனியை வாய்க்குக் குறுக்கே, வெளிப்புறமாக இழுத்தால் அது நகத்தில் தட்டுப்படும். அடி முதல் நுனி வரை பிசிறு தொடர்ந்து வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு திருப்பிப் போட்டு அதே வேலை. அதன் பிறகு சாணைக்கல்லில், ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. கடைசியில் தோல்வாரில், வாய் பின்னால் இழுபடும்படி. மூன்று பிளேடு முனைகளுக்கு இந்தக் கோணத் தலைவலி இல்லை; இரண்டு பிளேடுகளை அரத்தின் மேல் தட்டையாகப் படுக்கவைத்துத் தள்ளினாலே போதும். அந்த ஒரு சௌகரியத்துக்காகவே அவற்றை வாங்குபவர்கள் உண்டு.

முழங்கை மயிரைச் சிரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதைவிட நல்ல சோதனை ரப்பர் வளையம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே தளர்வாக மாட்டி, பிளேடின் வாயை அதன் மேல் லேசாக இழுங்கள். உடனே அறுந்தால் சரி. தள்ளிக்கொண்டு போய் அப்புறம் அறுந்தால், மானுக்குள் இருக்கும் ரத்தக் குழாயும் அப்படித்தான் வழுக்கி நகர்ந்துகொள்ளும். நைந்த வெட்டில் ரத்தம் சீக்கிரம் உறைந்தும்விடும். அரத்தின் பற்கள் பதிந்த சொரசொரப்பான வாயே நல்லது என்று சொல்லும் பழைய வில்லாளர்கள் இருக்கிறார்கள். நான் மழமழவென்று தீட்டிய வாயின் பக்கம். பயிற்சிக்கு எய்த முனையை மறுபடி தீட்டாமல் காட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். அம்பறாத்தூணியின் பஞ்சில் குத்தி எடுப்பதே வாயைக் கொஞ்சம் மழுக்கும். மிச்சிகன் அக்டோபரின் ஈரத்தில் கார்பன் ஸ்டீல் ஒரே இரவில் துரு பிடிக்கும். வாயில் வாஸ்லின் தடவி வையுங்கள்.

ஊசி போன்ற நுனி அழகாக இருக்கும். எலும்பில் பட்டால் அது சுருண்டுகொள்ளும். சுருண்ட நுனியோடு அம்பு அங்கேயே நின்றுவிடும். நுனியின் கடைசி மில்லிமீட்டரை உளிபோல் சற்று மழுக்கிவிடுங்கள்.

அடுத்தது பறப்பது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போய் மானில் பட்டால், முனை முன்னால் தள்ளவேண்டிய விசை தண்டை வளைப்பதில் போய்விடும். மாட்டிய முனையை மேசையில் நுனி படும்படி நிறுத்தி அம்பைப் பம்பரம்போல் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேருமிடம் அதிர்ந்தால் கோணல்; வேறு முனையையோ வேறு தண்டையோ மாற்றிப் பாருங்கள். பிறகு இறகில்லாத தண்டை 15 கஜத்திலிருந்து எய்து பாருங்கள். வலது கையால் நாணை இழுப்பவருக்கு அது இறகுள்ள அம்புகளுக்கு வலப்புறம் விழுந்தால் தண்டு தொய்வானது, அதாவது அளவுக்கு மீறி வளைகிறது. இடப்புறம் விழுந்தால் விறைப்பானது. முனையின் எடையைக் கூட்டினால் தண்டு தொய்வானதாக நடந்துகொள்ளும். தண்டை நறுக்கினால் விறைக்கும். 175 கிரெய்ன் முனை வாங்கிவிட்டு பழைய தண்டுகளையே வைத்துக்கொண்டால் அம்பு வலப்புறம் ஓடுவது இதனால்தான். இதெல்லாம் சரியான பிறகு, அதே எடையுள்ள பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழாவிட்டால் வேலை பாக்கி இருக்கிறது. பெரிய இறகுகள், நான்கு அல்லது ஐந்து அங்குலம், திருகலாக ஒட்டியவை, பிராட்ஹெட்டை அடக்கி நேராக்கும். 20 கஜத்துக்குள் அவற்றால் இழக்கும் வேகம் பொருட்டே இல்லை.

அம்பு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? டாக்டர் எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் தொடங்கிய ஊடுருவல் சோதனைகளைப் பற்றி இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனமான எலும்பை உடைக்க 650 கிரெய்னுக்கு மேல் அம்பு வேண்டும், எடை முன்புறம் குவிந்திருக்க வேண்டும் என்பவை அவருடைய முடிவுகளில் உள்ளவை. எருமைக்குப் போகிறவர்களுக்கு அது பொன்னான அறிவுரை. 40 பவுண்டு வில்லில் 650 கிரெய்ன் அம்பு மாட்டினால், அது வானவில் மாதிரி வளைந்து போகும். தூரத்தை நான்கு கஜம் தவறாகக் கணித்தால் மானின் வயிற்றுக்கடியில் போய்விடும். 450 முதல் 500 கிரெய்ன் போதும். 400 கிரெய்ன் அம்பு 160 அடி வேகத்தில் போகும் வில்லிலிருந்து 500 கிரெய்ன் அம்பு சுமார் 146 அடி வேகத்தில் போகும். வேகம் குறைந்தும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒரு அடி-பவுண்டு கூடுகிறது, ஏனென்றால் கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்கிறது. உந்தமோ 14 சதவீதம் கூடுகிறது. வில்லின் சத்தமும் அடங்கும். சத்தம் ஏன் முக்கியம் என்றால், 20 கஜம் போக அந்த 160 அடி அம்புக்கே 0.37 வினாடி ஆகும், சத்தத்துக்கு 0.05 வினாடிதான். மான் குனிந்து பாய நேரம் தாராளமாக இருக்கிறது. 150 கிரெய்ன் முனையோடு, தண்டின் முன்வாயில் முனையைத் திருகி மாட்டும் அலுமினிய இன்சர்ட்டுக்குப் பதிலாகப் பித்தளை இன்சர்ட் வைத்தால், எடை வேண்டிய இடத்தில், முன்னால், சேர்ந்துவிடும்.

தூரம் 20 கஜத்தைத் தாண்ட வேண்டாம். 15 என்றால் இன்னும் நல்லது. பக்கவாட்டிலோ, உங்களைவிட்டு விலகிச் சாய்வாகவோ நிற்கும் மானுக்கு மட்டும் எய்யுங்கள். சாய்வாக நின்றால், மறுபக்க முன்னங்காலை நோக்கி அம்பு வெளியேறும்படி குறிவையுங்கள். எதிரே பார்த்து நிற்கும் மானைக் காம்பவுண்ட் காலத்தில் எய்திருந்தாலும் இப்போது விட்டுவிடுங்கள். தோள்பட்டைப் பலகை எலும்பின் மேற்பகுதி மெல்லியது, அடிப்பகுதி தடித்தது; 40 பவுண்டு அம்பு அந்தத் தடித்த பகுதியைக் கடக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. இந்தப் பக்கத்து முன்னங்கால் முன்னோக்கி நகரும்வரை காத்திருந்தால் எலும்பும் கூடவே நகர்ந்து வழிவிடும்.

இரண்டு பிளேடு முனையின் குறையையும் சொல்ல வேண்டும். அதன் காயம் ஒரு கீறல். தோல் நகர்ந்தால் மூடிக்கொள்ளும். முதல் முப்பது கஜத்துக்கு ஒரு சொட்டுகூட விழாமல் போகலாம். அதனால் எய்தவுடன் மான் நின்ற இடத்தையும், கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனதில் குறித்துவையுங்கள். அரை மணி நேரம் மேடையிலேயே உட்காருங்கள். இறங்கியதும் முதலில் அம்பைத் தேடுங்கள். நுரைத்த, வெளிர்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல், உடனே தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கும்; மூன்று நான்கு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பச்சையாகப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், அதாவது மாலையில் எய்திருந்தால் மறுநாள் காலை வரை, அந்தப் பக்கமே போகாதீர்கள். படுத்த மானை எழுப்பிவிட்டால் அடுத்த ஊர் வரை போய்விடும். காயம்பட்ட மானை வாரில் கட்டிய நாயோடு தேடுவதற்கு மிச்சிகன் விதிகள் இடம் தருகின்றன. பருவம் தொடங்குமுன்பே பக்கத்தில் அப்படி நாய் வைத்திருப்பவர் யார் என்று விசாரித்து, எண்ணைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். தடம் கிடைக்காத இடத்தில் நீங்களே நடந்து மோப்பத்தைக் கலைக்காமல் நின்று, அவரை அழையுங்கள்.